பழைய விலாசத்தில் யார் பதில் சொல்வது?

2023 நவம்பர் 27, திங்கட்கிழமை. இணையத்தின் பெயர்முறைக்கு அடிவேராக இருக்கும் பதின்மூன்று சர்வர்களில் ஒன்று அன்று வீடு மாறியது. அதன் பெயர் ‘பி ரூட்’. அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தகவல் அறிவியல் நிலையம் அதை நடத்துகிறது. லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய மரினா டெல் ரே என்னும் கடலோரப் பகுதியில் இருக்கிறது அந்த நிலையம். அதுவரை 199.9.14.201 என்ற எண்ணில் பதில் சொல்லிக்கொண்டிருந்த பி ரூட், அன்றிலிருந்து 170.247.170.2 என்ற எண்ணுக்குப் போனது. உலகத்தில் எதுவும் நின்றுவிடவில்லை. ரயில் டிக்கெட் எடுத்தவர் எடுத்தார், பணம் அனுப்பியவர் அனுப்பினார்.

மாற்றத்தை முன்கூட்டியே தெரிவித்த அறிவிப்பில் இன்னொரு வரியும் இருந்தது. பழைய எண்ணிலும் குறைந்தது ஓராண்டுக்கு, அதாவது 2024 நவம்பர் 27 வரை, பதில் சொல்லிக்கொண்டிருப்போம் என்றது அந்த வரி. அங்கேதான் நான் நின்றுவிட்டேன். கணினிக்குக் கணினி செய்தி போய்ச்சேர ஒரு நொடிகூட ஆவதில்லை. ஒரே ஓர் எண் மாறியதை ஊருக்குச் சொல்லி முடிக்க ஏன் ஓராண்டு?

டிஎன்எஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டொமைன் பெயர்முறையின் வேலை எளியது. நாம் பெயரைத் தட்டுகிறோம். கணினிக்கு வேண்டியது எண். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் திருப்பித் தருவது நேம் சர்வர். 1980களின் தொடக்கத்தில் இதற்கு ஒரே ஒரு கோப்பு போதுமாயிருந்தது. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் அந்தக் கோப்பைப் பராமரித்தார்கள். வலையில் இருந்த கணினிகள் அதைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டன. கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை. வேறு வழி தேடும் வேலையை ஜான் போஸ்டல் தன் சக ஊழியர் பால் மொகபெட்ரிஸிடம் ஒப்படைத்தார். இருவரும் இருந்தது, முன்னே சொன்ன அதே மரினா டெல் ரே நிலையத்தில். 1983 நவம்பரில் மொகபெட்ரிஸ் எழுதி வெளியிட்ட இரண்டு ஆவணங்களில் இன்றைய டிஎன்எஸ்ஸின் எலும்புக்கூடு முழுதாக இருக்கிறது. ஒரே கோப்பாக வைக்காமல் பங்குபோட்டுக் கொடுத்துவிட வேண்டும். அவரவர் பெயர்களுக்கு அவரவரே பொறுப்பு. அதுதான் அதன் சாரம்.

பங்குபோட்டதும் ஒரு முடிச்சு விழுகிறது. ‘மல்லிகை.காம்’ என்று ஒரு டொமைன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் பெயர்களுக்கெல்லாம் பொறுப்பான பிரைமரி நேம் சர்வருக்கு ‘என்எஸ்1.மல்லிகை.காம்’ என்று பெயர். மல்லிகை.காமில் உள்ள எந்தப் பெயரின் எண் வேண்டுமானாலும் அந்தச் சர்வரைக் கேட்க வேண்டும். சரி, அந்தச் சர்வரின் எண் என்ன? அதுவும் மல்லிகை.காமில் உள்ள பெயர்தானே, அதனால் அதையே கேட்க வேண்டும். முருகேசன் வீட்டுக்கு வழியை முருகேசன் வீட்டிலேயே போய் விசாரிக்கச் சொல்வது போன்ற நிலை இது.

முடிச்சை அவிழ்க்க மேலே இருப்பவர் உதவுகிறார். ‘.காம்’ பெயர்களைப் பார்த்துக்கொள்ளும் சர்வர்கள், ‘மல்லிகைக்குப் பொறுப்பு என்எஸ்1’ என்று சொல்வதோடு, கேட்காமலேயே அதன் எண்ணையும் சேர்த்துச் சொல்லிவிடும். இந்தக் கூடுதல் குறிப்புக்குத் துறையில் க்ளூ ரெக்கார்டு என்று பெயர். க்ளூ என்றால் பசை. பெயருக்குப் பொறுப்பானவர் முருகேசன்தான். ஆனால் அவர் வீட்டுக்கு வழி தெருமுனைக் கடைக்காரருக்கும் தெரிந்திருக்கிறது. ஆகவே பிரைமரி சர்வரின் எண் மாறினால் இரண்டு இடங்களில் திருத்த வேண்டும்: தன் சொந்தக் கோப்பில் ஒன்று, டொமைனைப் பதிவுசெய்து தரும் ரெஜிஸ்ட்ரார் வழியாக மேலேயுள்ள பட்டியலில் ஒன்று. இதில் ஒன்றை மறப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

இரண்டையும் திருத்திவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. நம் வீட்டுக் கணினி ஒவ்வொரு முறையும் மல்லிகை.காமிடம் நேராகப் போய்க் கேட்பதில்லை. இடையில் இணையச் சேவை தருபவரின் ரிசால்வர் இருக்கிறது. ஒருமுறை கேட்ட விடையை அது நினைவில் வைத்துக்கொண்டு அடுத்து வருபவர்களுக்கெல்லாம் அதிலிருந்தே சொல்கிறது. எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்பதை விடை சொன்ன சர்வரே நொடிக் கணக்கில் சொல்லி அனுப்பும். ‘.காம்’ தரும் வழிகாட்டுதலுக்கு 1,72,800 நொடி, அதாவது இரண்டு நாள். நேற்று ‘இரண்டு நாள் நினைவில் வை’ என்று சொல்லி அனுப்பியதை இன்று திரும்ப வாங்க முடியாது. ஏனென்றால் யாரிடம் சொன்னோம் என்ற பதிவே சர்வரிடம் இல்லை. கேட்டவருக்குச் சொல்லும், மறந்துவிடும். தன்னை எந்தெந்த ஊரில் எந்தெந்தக் கணினி நினைவில் வைத்திருக்கிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

இந்த ஒரு விஷயம்தான் எனக்கு இந்த அமைப்பு முழுவதிலும் ஆகப் பெரிய அதிசயமாகத் தோன்றுகிறது. வீடு மாறும் குடும்பம் பால்காரருக்கும் பள்ளிக்கும் வங்கிக்கும் போய்ச் சொல்லலாம், ஏனென்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அதற்குத் தெரியும். நேம் சர்வருக்கு அந்தப் பட்டியல் கிடையாது. அதனால் செய்யக்கூடியது இரண்டுதான். குடிபெயர்வதற்குச் சில நாள் முன்பே நினைவுக் காலத்தை ஐந்து நிமிடமாகவோ பத்து நிமிடமாகவோ குறைத்துவிட்டு, பழைய நீண்ட நினைவுகள் காலாவதியாகும்வரை பொறுத்திருக்கலாம். மாறிய பிறகு பழைய எண்ணிலும் ஆளை வைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

இதில் இன்னொரு பாத்திரமும் உண்டு: செகண்டரி நேம் சர்வர். ஒரே சர்வரை நம்பியிருக்கக் கூடாது என்பதால் வேறொரு இடத்தில் வேறொரு வலையில் ஒரு நகல் சர்வர் வைப்பார்கள். அது பிரைமரியிடமிருந்து கோப்பை அவ்வப்போது பிரதி எடுக்கும். பிரைமரியை அது எப்படி அடையாளம் காண்கிறது? பெரும்பாலும் பெயரை வைத்துக் காண்பதில்லை. தன் அமைப்புக் கோப்பில் ஒருவர் கையால் எழுதிவைத்த எண்ணைத்தான் பார்க்கும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு கல்வி அமைப்பின் டொமைனை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இணைய இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றியபோது பிரைமரியின் எண்ணும் மாறியது. சொந்தக் கோப்பைத் திருத்தினோம், மேலேயுள்ள பட்டியலைத் திருத்தினோம், சோதித்துப் பார்த்தோம், எல்லாம் சரியாக வந்தது. செகண்டரி இருந்த ஊரில் அதைக் கவனித்தவருக்குத் தகவல் போகவில்லை. அந்தச் சர்வர் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பழைய எண்ணின் கதவைத் தட்டியது, திறக்கவில்லை. அதனால் அது கையிலிருந்த பழைய நகலையே உண்மை என்று நம்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த நகலில் பிரைமரியின் எண் என்று எழுதியிருந்ததும் பழைய எண்தானே! புதிதாகக் கேட்க வந்தவர்களில் ஒரு பாதியை அது காலி வீட்டுக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரே அறையில் ஒருவருக்குப் புதிய இணையதளமும் மற்றொருவருக்குப் பழையதும் தெரிந்தபோது நாங்கள் ரிசால்வரின் நினைவு (கேஷ்) என்று சொல்லிச் சமாதானம் அடைந்தோம்.

ஒவ்வொரு டொமைன் கோப்பின் தலைப்பிலும் ‘எக்ஸ்பயர்’ என்று ஒரு காலக்கெடு இருக்கும். பிரைமரியை இவ்வளவு நாள் தொடர்புகொள்ள முடியாவிட்டால் செகண்டரி தன் நகலைச் செல்லாததாகக் கருதிப் பதில் சொல்வதையே நிறுத்திவிட வேண்டும். 1996இல் வெளிவந்த ஒரு வழிகாட்டி இதற்கு இரண்டிலிருந்து நான்கு வாரம் வைக்கச் சொல்கிறது. நாங்கள் வைத்திருந்தது இரண்டு வாரம். பதினைந்தாம் நாள் செகண்டரி வாய்மூடியது. அன்றும் யாருக்கும் தெரியவில்லை, பிரைமரி ஓடிக்கொண்டிருந்ததே. அதற்குப் பின் ஒருநாள் மின்சாரம் போய் பிரைமரி நின்றது. அந்த நேரத்தில் உதவ வேண்டிய நகல் ஊமையாக இருந்ததால் அமைப்பின் பெயரே இணையத்திலிருந்து மறைந்தது. மூன்று வாரத்துக்கு முன் செய்த பிழை, சம்பந்தமே இல்லாததுபோலத் தோன்றிய ஒரு மின்வெட்டில் வெளியே வந்தது. அன்றைக்குப் பிறகு எண் மாற்றம் என்றாலே நான் முதலில் செகண்டரி யார் கையில் இருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

செகண்டரியின் கோப்பில் பிரைமரியின் எண்ணைச் சொல்லும் அந்த ஒற்றை வரியின் கனம் எவ்வளவு என்பது வெளிப்பட்ட நாள் ஒன்று உண்டு. 1998 தொடக்கத்தில் வேர் சர்வர்களில் ‘ஏ’தான் பிரைமரி. நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனம் அமெரிக்க அரசு ஒப்பந்தத்தின் கீழ் அதை நடத்தியது. மற்றப் பன்னிரண்டும் அதனிடமிருந்து கோப்பைப் பிரதி எடுத்தன. இணையப் பெயர்களின் நிர்வாகம் யாரிடம் போக வேண்டும் என்ற சர்ச்சை சூடாக இருந்த வேளை அது. ஜனவரி 28 அன்று ஜான் போஸ்டல் எட்டு வேர் சர்வர்களை நடத்தியவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். இனி கோப்பை ‘ஏ’யிடம் எடுக்காமல் தன் நிலையத்தில் உள்ள கணினியிடம் எடுக்கும்படி கேட்டுக்கொண்டார். எட்டுப் பேரும் தத்தம் கோப்பில் அந்த எண்ணை மாற்றினார்கள். அரசிடமும் ராணுவத்திடமும் நெட்வொர்க் சொல்யூஷன்ஸிடமும் இருந்த ஐந்து மட்டும் பழைய வழியில் நின்றன.

போஸ்டலின் கணினி வைத்திருந்ததும் ‘ஏ’யின் கோப்பிலிருந்து எடுத்த அதே உள்ளடக்கம்தான். ஆகவே பயன்படுத்தும் மக்களில் ஒருவருக்குக்கூட வேறுபாடு தெரியவில்லை. வெள்ளை மாளிகைக்குத் தெரிந்தது. அதிபர் கிளிண்டனின் ஆலோசகர் ஐரா மகசினர் தலையிட்டுப் பழையபடி மாற்றச் சொன்னார். சில நாட்களில் எல்லாம் திரும்பியது. இது ஒரு சோதனை என்று போஸ்டல் விளக்கினார். அந்த ஆண்டு அக்டோபர் 16 அன்று, தன் 55ஆம் வயதில், அவர் இறந்துபோனார். பூமியின் பெயர்ப் பட்டியலில் பெரும்பகுதி இன்னொரு விலாசத்துக்கு மாறுவதற்கு எட்டு மனிதர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒருவரின் சொல்லை நம்பியது போதுமாயிருந்தது என்பது என்னை இன்றும் அசைக்கிறது. இப்போது ‘ஏ’யும் பதின்மூன்றில் ஒன்று மட்டுமே. மூலக் கோப்பு பொதுவெளிக்குக் காட்டாத தனிச் சர்வர்களிலிருந்து எல்லாருக்கும் போகிறது.

வேர் சர்வர் வீடு மாறும்போது முடிச்சு இன்னும் இறுகுகிறது. மல்லிகைக்கு வழி சொல்ல ‘.காம்’ இருந்தது. ‘.காம்’ எங்கே, ‘.இலங்கை’ எங்கே, ‘.சிங்கப்பூர்’ எங்கே என்று கேட்டால் சொல்ல வேர் இருக்கிறது. வேர் எங்கே என்று யாரைக் கேட்பது? அதற்கு மேலே யாரும் இல்லை. ஆகவே ரிசால்வர் மென்பொருள் பிறக்கும்போதே பதின்மூன்று பெயர்களும் அவற்றின் எண்களும் எழுதிய ஒரு சிறிய கோப்பைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். விழித்தெழுந்ததும் ரிசால்வர் அதிலுள்ள ஓர் எண்ணைத் தொடர்புகொண்டு, ‘இன்றைய வேர் சர்வர்கள் யார் யார்?’ என்று கேட்கும். வரும் பதிலில் புதுப் பட்டியல் இருக்கும். கைக்கோப்பில் பாதி எண்கள் காலாவதியாகியிருந்தாலும் பரவாயில்லை, சரியான ஒன்று போதும். (ஏன் பதின்மூன்று என்றால், பழைய விதிப்படி ஒரு பதில் 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும், அதற்குள் அவ்வளவு பேருக்குத்தான் இடம்.) இந்தப் பதின்மூன்று பெயர்களையும் பன்னிரண்டு அமைப்புகள் நடத்துகின்றன. ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால் பல ஊர்களில் பல இயந்திரங்கள் ஒரே எண்ணைப் பகிர்ந்துகொண்டு நிற்கின்றன.

இந்த ஏற்பாட்டின்படி பார்த்தால், வேர் சர்வரின் எண் மாறியபின் ஓரிரண்டு மாதங்களில் பழைய எண் ஓய்ந்துவிட வேண்டும். வேர் எண்களுக்குத் தரப்படும் மிக நீண்ட நினைவுக் காலமே 36,00,000 நொடி. நாற்பத்திரண்டு நாளுக்குச் சற்றுக் குறைவு. நடந்ததோ வேறு.

‘ஜே’ ரூட் 2002 நவம்பரில் 198.41.0.10இலிருந்து 192.58.128.30க்கு மாறியது. ‘ஏ’யின் எண் 198.41.0.4. இரண்டும் ஒரே வலையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒரே தூணில் இரண்டு விளக்கை மாட்டியதுபோல. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 21 அன்று, பதின்மூன்று வேர் சர்வர்கள் மீதும் சுமார் ஒரு மணி நேரம் தாக்குதல் வேறு நடந்திருந்தது. பிரித்து வைக்க வேண்டியதன் தேவையை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஜே ரூட்டை நடத்துபவர்கள் 2015இல், பதின்மூன்று ஆண்டு கழித்து, பழைய எண்ணின் வாசலை ஆராய்ந்தார்கள். அங்கே அப்போதும் கேள்விகள் வந்துகொண்டிருந்தன.

மேரிலாந்து பல்கலைக்கழகம் நடத்தும் ‘டி’ ரூட் 2013 ஜனவரி 3 அன்று 128.8.10.90இலிருந்து 199.7.91.13க்குப் போனது. அதே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த மாற்றத்தை ஓர் அரிய வாய்ப்பாகக் கருதி இரண்டு வாசல்களிலும் வருவோரை எண்ணினார்கள். கேள்விகள் பழைய எண்ணிலிருந்து புதிய எண்ணுக்கு மெல்ல இடம்பெயரும், மொத்தம் மாறாது என்றுதான் யாரும் நினைப்போம். மொத்தக் கேள்விகள் ஏறத்தாழ 50 சதவீதம் கூடின. பழைய எண்ணிலும் மாதக்கணக்கில் கூட்டம் ஓயவில்லை. காரணங்களைத் துருவியபோது, குறிப்பிட்ட ஒரு ரிசால்வர் மென்பொருளில் இருந்த கோளாறு ஒரு பகுதியை விளக்கியது. எல்லாவற்றையும் விளக்கவில்லை. சில கணினிகள் ஏன் இன்னும் பழைய எண்ணையே தேடி வருகின்றன என்பது புரியவில்லை என்று ஆய்வுக் கட்டுரையிலேயே நேர்மையாக எழுதினார்கள். மனிதர் கட்டிய இயந்திரங்கள்தான், விதிமுறை அச்சில் இருக்கிறது, ஆனாலும் கோடிக்கணக்கில் ஒன்றுசேரும்போது காட்டைப் போல ஆகிவிடுகிறது. உள்ளே போய் எண்ணித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

பழைய எண்ணைக் கைவிட்டுவிட்டுப் போனால் என்ன, வருகிறவர்கள் பதில் கிடைக்காமல் தாமே கற்றுக்கொள்ளட்டுமே என்று கேட்கலாம். ‘எல்’ ரூட்டின் கதை அதற்கு விடை. இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு நடத்தும் அந்தச் சர்வர் 2007 நவம்பர் 1 அன்று 198.32.64.12இலிருந்து 199.7.83.42க்கு மாறியது. பழைய எண் அடங்கிய தொகுதி ஐகானுக்குச் சொந்தமானது இல்லை. ஆறு மாதம் பழைய எண்ணிலும் பதில் சொல்லிவிட்டு 2008 மே மாதத் தொடக்கத்தில் நிறுத்தினார்கள். அப்போதுதான் வெளியே தெரிந்தது: அந்தப் பழைய எண்ணில் வேறு சிலரும் எல் ரூட் போலவே சர்வர் வைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இணையத்தில் ‘இந்த எண் என்னிடம் இருக்கிறது’ என்று ஒரு வலை அறிவித்தால் அண்டை வலைகள் பெரும்பாலும் நம்பி வழிவிட்டுவிடும். அந்தச் சர்வர்கள் பொய்யான விடை தந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. தந்திருந்தால்? வேரிடம் கேட்பவர் அதற்கு மேல் விசாரிக்க ஆளில்லாதவர். ‘.காம்’ இங்கே இருக்கிறது என்று எந்தத் திசையைக் காட்டினாலும் போய்விடுவார். வேரின் பட்டியல் 2010 ஜூலை 15 முதல் டிஜிட்டல் கையொப்பத்தோடு வருவதால், கையொப்பத்தைச் சரிபார்க்கும் ரிசால்வர்களை அப்படி ஏமாற்றுவது இன்று கடினம். சரிபார்க்காதவையும் இருக்கின்றன, பழைய எண்ணைத் தேடி வருவது பெரும்பாலும் பழைய இயந்திரங்கள் என்பதை யோசித்தால் கவலை கூடுகிறது. காலி செய்த வீட்டில் நம் பெயர்ப்பலகை இன்னும் தொங்குகிறது, நம்மைத் தேடி ஆட்களும் வருகிறார்கள் என்றால், அந்த வீட்டின் சாவியைத் தெருவில் போட்டுவிட முடியாது.

இவ்வளவு தொல்லை என்றால் பி ரூட் ஏன் மாற வேண்டும்? அதற்கு இது முதல் மாற்றமும் இல்லை. 2004இல் ஒருமுறை, 2017 அக்டோபரில் ஒருமுறை மாறியிருந்தது. 2023இல் காரணம் நுட்பமானது. உலகில் இந்த எண்களை, அதாவது ஐபி எண்களை, வழங்க ஐந்து பிராந்தியப் பதிவகங்கள் இருக்கின்றன. லத்தீன் அமெரிக்காவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் உரியது லாக்னிக். தலைமையிடம் உருகுவேயின் மான்டிவிடியோ. கலிஃபோர்னியாவில் இருக்கும் பி ரூட் வேண்டுமென்றே லாக்னிக்கிடம் எண் வாங்கிக்கொண்டது. எந்த எண் யாருக்குச் சொந்தம் என்று உறுதி சொல்வது பதிவகம். அதன் பதிவேட்டில் ஒருநாள் பிழை நேர்ந்தாலும் பதின்மூன்றும் ஒன்றாக விழுந்துவிடக் கூடாது. நடக்காமலே போகக்கூடிய ஒரு தீங்குக்காக ஓராண்டு இரண்டு வாசல்களையும் திறந்து வைத்த இந்த முன்யோசனையை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

எங்கோ ஓர் அலுவலகத்தின் பின்னறையில் 2023க்கு முன்பு அணைத்துவைத்த ஒரு கணினி இருக்கும். ஒருநாள் யாரோ தூசி தட்டி அதை மீண்டும் இயக்குவார்கள். அதன் கைக்கோப்பில் பி ரூட்டுக்கு நேரே 199.9.14.201 என்றுதான் இருக்கும். பட்டியலில் கைக்கு அகப்பட்ட ஏதோ ஓர் எண்ணிடம் அது கேட்கும்: இன்றைய வேர் சர்வர்கள் யார் யார்? பதின்மூன்று பெயர்கள் வரும், ‘பி’க்கு நேரே 170.247.170.2 என்று இருக்கும், கணினி குறித்துக்கொள்ளும். அதைப் பொறுத்தவரை பி ரூட் வீடு மாறியது அந்த நொடியில்தான்.